எதிர்த்துப் பேசாத ஷீட்

ஒரு பீமை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் சுவருக்கு மேல் ஓடுவது, அதனால் அகலம் 230 மி.மீ. பயனுறு ஆழம் 400 மி.மீ. எம்20 கான்கிரீட், 415 ரகக் கம்பி. வரும் மொமென்ட் 70 கிலோநியூட்டன்-மீட்டர். கான்கிரீட்டுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 தரும் சமன்பாட்டை எக்செல்லில் போட்டால் 554 சதுர மி.மீ. கம்பி வேண்டும் என்று வரும். 16 மி.மீ. கம்பி மூன்று போட்டால் 603 கிடைக்கிறது. வேலை முடிந்தது.

இப்போது 70-ஐ அழித்துவிட்டு 120 என்று போடுங்கள். ஷீட் சற்றும் தயங்காமல் 1108 என்று சொல்லும். சிவப்பு எழுத்து வராது, பிழைச் செய்தி வராது. ஆனால் கீழ்ப்பக்கம் மட்டும் கம்பி போட்ட இந்தப் பீமுக்கு விதித்தொகுப்பு தரும் உச்சவரம்பே 101.6 கிலோநியூட்டன்-மீட்டர்தான். அதைத் தாண்டினால் கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் முன்பே மேலே கான்கிரீட் நொறுங்கிவிடும். விரிசல் காட்டி நமக்கு நேரம் தருகிற பீம் அன்று அது. ஆழத்தைக் கூட்ட வேண்டும், அல்லது மேல்பக்கமும் கம்பி கொடுக்க வேண்டும்.

எக்செல் எப்போது கையை விரிக்கும்? மொமென்ட் 160-ஐத் தாண்டினால்தான் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்து அது முரண்டு பிடிக்கும். 102-க்கும் 160-க்கும் நடுவில் அது தருகிற எண்கள் எல்லாம் பார்க்க லட்சணமாக இருக்கும். ஒன்றும் சைட்டுக்குப் போகத் தகுதியானதில்லை.

டிசைன் ஆபீசில் முதல் வேலைக்குச் சேரும் பையனோ பெண்ணோ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கால்குலேட்டரில் கணக்குப் போட்ட காலத்தில் ஒவ்வொரு படியிலும் எண் நம் கண்ணில் பட்டது. ஷீட்டில் கடைசி எண் மட்டும் கண்ணில் படுகிறது. எதிர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

எப்படி எழுதுவது? உள்ளீடுகளை ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் வையுங்கள். வேறெங்கும் எண்ணைக் கையால் தட்டாதீர்கள். ஒரு வரிக்கு ஒரு படி. இடப்பக்கம் அந்தப் படியின் பெயர், நடுவில் விடை, அடுத்து அலகு, வலக்கோடியில் விதித்தொகுப்பின் எந்தப் பிரிவு என்ற குறிப்பு. நான்கு பத்தி போதும். ஏழு அடைப்புக்குறி போட்டு எல்லாவற்றையும் ஒரே செல்லுக்குள் அடக்கிவிடுவதைத் திறமை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அடுத்த மாதம் அதைத் திறந்து பார்த்தால் எழுதியவருக்கே புரியாது. முக்கியமான செல்களுக்குப் பெயர் சூட்டும் வசதி எக்செல்லில் இருக்கிறது. டாலர் குறி போட்ட முகவரிக்குப் பதில் 'அகலம்', 'ஆழம்' என்று ஃபார்முலாவிலேயே படிக்கலாம். தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும்.

சோதனை வரியை எழுதும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'சரி', 'தவறு' என்று ஓரமாக எழுதிவிட்டு விடையையும் பக்கத்தில் காட்டாதீர்கள். அவசரத்தில் இருக்கிறவர் விடையைத்தான் பார்ப்பார். வரம்பு தாண்டினால் விடை வருகிற செல்லிலேயே எண்ணுக்குப் பதில் 'ஆழம் போதாது' என்று வரும்படி இஃப் போடுங்கள். அந்த செல்லை நம்பியிருக்கும் அடுத்த கணக்குகளும் பிழை காட்டி நின்றுவிடும். நிற்கட்டும், நமக்கு வேண்டியது அதுதான்.

சரிபார்ப்பதற்கு மேலே சொன்ன எண்களே போதும். கான்கிரீட் வலிமை, அகலம், ஆழத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கினால் 736 கிலோநியூட்டன்-மீட்டர். 70-ஐ அந்தச் சமன்பாட்டில் உள்ள 4.6-ஆல் பெருக்கினால் 322. 736-ஆல் வகுத்தால் 0.4375. ஒன்றிலிருந்து கழித்தால் 0.5625, அதன் வர்க்கமூலம் மிச்சமில்லாமல் 0.75. மொமென்ட் 120 என்றால் அதே இடத்தில் 0.5 வரும். ஷீட் பாஸா ஃபெயிலா என்பதைப் பேப்பரிலேயே தீர்த்துவிடும்படி வேண்டுமென்றே பொறுக்கிய எண்கள் இவை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் இப்படிக் கைக்கணக்கில் முடிகிற ஓர் உதாரணத்தைத் தயாரித்து, அதே ஃபைலில் தனித் தாளாகச் சேர்த்து வையுங்கள்.

இனி எக்செல்லின் சொந்தக் குறும்புகள். சைன் 30 என்று கேட்டால் அரை வராது, மைனஸ் 0.988 வரும். அதற்குக் கோணம் ரேடியனில் வேண்டும். இது பலருக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று: ஒரு செல்லில் =-2^2 என்று அடித்துப் பாருங்கள், 4 வரும். பள்ளியில் படித்த கணிதப்படி மைனஸ் 4 வர வேண்டும். எக்செல் முதலில் மைனஸை ஒட்டிவிட்டுப் பிறகுதான் வர்க்கம் போடுகிறது. =0-2^2 என்று அடித்தால் மட்டும் மைனஸ் 4. புகைபோக்கியிலிருந்து பரவும் புகைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் 'இ'-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் வர்க்கம் என்று எழுதும்போது, தூரம் போகப்போகக் குறைய வேண்டிய புகை ஏறிக்கொண்டே போகும். எக்ஸ் வர்க்கத்தை அடைப்புக்குறிக்குள் வைத்து மைனஸை வெளியே நிறுத்தினால் தீர்ந்தது.

இதே ஃபார்முலாவை எக்செல்லின் மேக்ரோ மொழியான வி.பி.ஏ.-வுக்குக் கொண்டுபோனால் ஆட்டம் மாறும். அங்கே -2^2 என்றால் மைனஸ் 4-தான். செல்லில் லாக் என்றால் அடிமானம் 10. வி.பி.ஏ.-வில் லாக் என்றால் இயல் மடக்கை. குழாய் உராய்வுக் கணக்கை செல்லிலிருந்து மேக்ரோவுக்கு அப்படியே நகல் எடுத்தவர்களுக்கு 2.303 மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடவே ஒரு நாள் போகும். செல்லில் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 3. வி.பி.ஏ.-வில் 2, ஏனென்றால் சரிபாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். ஒரே நிரலின் இரண்டு அறைகளில் இரண்டு சட்டம்! கம்பி எண்ணிக்கைக்கு ரவுண்ட் பக்கமே போகாதீர்கள், ரவுண்ட்அப் போடுங்கள்.

கோல் சீக் நல்ல கருவி. விடையைச் சொல்லி உள்ளீட்டைக் கேட்கலாம். ஆனால் குறி எண்ணுக்கு 0.001 அருகில் வந்ததுமே 'கிடைத்துவிட்டது' என்று நிறுத்திவிடும், அமைப்பை நீங்கள் மாற்றாத வரை. உராய்வுக் கெழு 0.02 அளவில் இருக்கும்போது 0.001 என்பது ஐந்து சதவீதம். சமன்பாட்டின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கி அந்த செல்லைச் சுழியமாக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக நெருங்கி வரும்.

'ப்ரோகிராமிங் கற்க வேண்டுமா?' என்று கேட்கிறவர்களுக்கு: ஃபார்முலா எழுதுகிறபோதே நீங்கள் ப்ரோகிராம்தான் எழுதுகிறீர்கள். புதிய எக்செல்லில் லெட், லாம்டா என்று இரண்டு வந்திருக்கின்றன. லாம்டாவை வைத்து மேக்ரோ இல்லாமலே சொந்தமாக ஒரு ஃபங்ஷன் செய்து பெயர் சூட்டிப் பயன்படுத்தலாம். மேக்ரோ உள்ள ஃபைலைப் பல கம்பெனிகளின் மின்னஞ்சல் தடுத்துவிடுகிறது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஒரே கணக்கை ஐந்நூறு பீமுக்கு ஓட்ட வேண்டும், ஆய்வு முடிவுகளை வேறு ஃபைலிலிருந்து இழுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் பைத்தானுக்குப் போய்விடுங்கள். அங்கே ஒரு மாதம் செலவழிப்பது, வி.பி.ஏ.-வில் ஆறு மாதம் மல்லுக்கட்டுவதைவிட மேல் என்பது என் கட்சி.

எல்லை தெரியாமல் ஷீட்டை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்தது சாட்சி. பழைய வகை எக்செல் ஃபைல் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. கொரோனா பரிசோதனை முடிவுகள் அதைத் தாண்டியபோது, மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. ஏறக்குறைய 16,000 தொற்றுகள் கணக்கில் சேராமல் போயின. பொருளாதாரத்திலும் ஒன்று: ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பேராசிரியர்கள் 2010-இல் அரசுக் கடன் பற்றி எழுதிய கட்டுரையில், சராசரி எடுத்த வரம்பு ஐந்து நாடுகளை விட்டுவிட்டு முன்னாலேயே முடிந்திருந்தது. அவர்களிடமே ஷீட்டை வாங்கிப் பார்த்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் 2013-இல் அதைக் கண்டுபிடித்தார். அவர்கள் ஷீட்டைக் கொடுத்ததால்தான் தவறு வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ஷீட் இருந்தது. எழுதிய சீனியர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. ஃபார்முலா எதையும் பார்க்க முடியாது, எண்ணைப் போட்டு எண்ணை வாங்கிக்கொள்ளலாம். நான்கு நாள் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். விடை ஒத்துப்போகவில்லை. கடைசியில் தெரிந்தது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடை கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்று எடுக்க வேண்டிய இடத்தில், கம்பியில்லாத கான்கிரீட்டுக்கான 24-ஐ எங்கோ ஃபார்முலாவுக்குள் தட்டிவைத்திருந்தார். சின்னப் பிழைதான், தொட்டி விழுந்துவிடாது. ஆனால் எத்தனை தொட்டிக்கு அந்த ஷீட் ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால் பாஸ்வேர்டு போடாதீர்கள். ஷீட்டைப் பூட்டி வைத்தால் நம் வேலை பத்திரம் என்று நினைப்பது பழைய காலத்துப் புத்தி. பிறர் ஷீட் கைக்கு வந்தால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள சாவியைத் தட்டுங்கள். ஃபார்முலா எல்லாம் திறந்து காட்டும். வரிசையாக ஒரே மாதிரி ஓடுகிற ஃபார்முலாக்களுக்கு நடுவில் ஒரு வெறும் எண் உட்கார்ந்திருந்தால், யாரோ ஒரு நாள் அவசரத்தில் மேலே தட்டியது அது. அங்கிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.

ஸ்டாட், ஈடாப்ஸ் போன்ற கட்டட டிசைன் மென்பொருள்கள் இருக்க இதெல்லாம் எதற்கு என்பீர்கள். மாடல் செய்யத் தெரிந்தவர்கள் ஏராளமாகக் கிடைக்கிறார்கள். அது தந்த விடையைப் பத்து நிமிடத்தில் ஒரு ஷீட்டில் போட்டு 'இது சரியில்லை சார்' என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் ஆபீஸ் விடாது. இன்டர்வியூவுக்குப் போகும்போது நீங்களே எழுதிய ஷீட் ஒன்றை லேப்டாப்பில் கொண்டு போங்கள். எதிரே இருப்பவரை எண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே அந்த 230-க்கு 400 பீமைப் போட்டுப் பாருங்கள். 70-க்கு 554 வர வேண்டும். 120-க்கு எண்ணே வரக் கூடாது.