பெட்டி எங்கே இருக்கு? மேடை விளக்குகளை லேப்டாப்பில் தேடிப் பிடிப்பது

கலை இரவு முடிந்த மறுநாள் நம் கிளைத் தம்பிகள் இருவர் வந்து, "அண்ணே, அன்னைக்கு அந்த லேப்டாப்பில என்னதான் பண்ணீங்க? எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு விளக்கு வேலை அவர்கள் கையில். நான் அப்போது தொழிற்பயிற்சியில் இருப்பேன். அதனால்தான் இந்தப் பாடம்.

அன்று மாலை 5.10. மண்டபத்தில் வாடகை விளக்குகள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. 7.30க்குத் திரை திறந்ததும் முதல் நிகழ்ச்சி சிவதாண்டவம். மேடை முழு இருட்டில் இருக்க வேண்டும், நடராஜர் சிலைக்குப் பின்னால் மட்டும் நீல ஒளி எழ வேண்டும். பதினான்கு பிள்ளைகள் மூன்று மாதமாக அந்த இருட்டை எண்ணி எண்ணிக் காலடி பழகியிருந்தார்கள். நானோ லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மென்பொருளில் ஒரு கருவிகூடத் தெரியவில்லை. பட்டியல் காலி.

கேபிள்தான் கெட்டுப்போச்சு என்று அடித்துச் சொன்னேன். மூன்று கேபிள் மாற்றினேன். நாற்பது நிமிடம் போனது. கேபிளில் ஒரு குறையும் இல்லை. இணைப்புத் துளையில் பச்சை விளக்கு முதலிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் குனிந்து பார்க்கவில்லை. நீங்கள் முதலில் அதைப் பாருங்கள்.

மேடை விளக்குகள் பேசும் மொழி டிஎம்எக்ஸ்512. 1986இல் வந்தது. ஒரு தடத்தில் 512 சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. அந்த 512 சேனல் கூட்டத்துக்கு யுனிவர்ஸ் என்று பெயர். எங்களிடம் 8 சேனல் பார் விளக்குகள் 20, 16 சேனல் மூவிங் ஹெட் 4. மொத்தம் 224 சேனல், ஒரு யுனிவர்ஸே போதும். ஆனால் லேப்டாப்பில் டிஎம்எக்ஸ் துளை கிடையாது. அதனால் லேப்டாப் சாதாரண நெட்வொர்க் கேபிளில் ஆர்ட்நெட் என்ற முறையில் தகவலை அனுப்புகிறது. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி அதை டிஎம்எக்ஸ் ஆக்கி விளக்குகளுக்குத் தருகிறது. அந்தப் பெட்டிக்கு நோட் என்று பெயர். நாம் தேடுவது அதைத்தான்.

தேடல் எப்படி நடக்கிறது? நம் பயிற்சி முகாமில் இரவு ஆள் கணக்கு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் கூடத்தின் நடுவில் நின்று, "யார் யார் இருக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்பார். ஒவ்வொருவரும் பெயரையும் படுக்கை எண்ணையும் சொல்வார்கள். ஆர்ட்நெட்டில் அந்தச் சத்தத்துக்கு ஆர்ட்போல் என்று பெயர். யூடிபி 6454ஆம் போர்ட்டில், சில விநாடிக்கு ஒருமுறை மென்பொருள் அதை எல்லாருக்கும் அனுப்பும். நோட் தன் பெயர், முகவரி, எந்த யுனிவர்ஸ் என்பதையெல்லாம் ஆர்ட்போல் ரிப்ளையில் சொல்லும். அவ்வளவுதான். ஆனால் பொறுப்பாளர் அடுத்த கட்டடத்தில் நின்று கத்தினால்? எல்லாரும் உள்ளேதான் இருப்பார்கள், பதில் மட்டும் வராது.

என் லேப்டாப் அடுத்த கட்டடத்தில்தான் நின்றது. வீட்டில் ரவுட்டர் நமக்கு முகவரி கொடுத்துவிடும், நாம் கவலைப்படுவதில்லை. நேரடியாக ஒரு கேபிளில் நோட்டோடு இணைத்தால் முகவரி கொடுக்க ஆள் இல்லை. லேப்டாப் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். ஆர்ட்நெட் நோட்டுகள் வழக்கமாக 2 என்று தொடங்கும் முகவரியிலோ 10 என்று தொடங்கும் முகவரியிலோ இருக்கும். சரி, எங்கள் பெட்டியின் முகவரி என்ன? பெட்டி மேல் ஒட்டுத்தாள் இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த அண்ணன் ஒருவர், "ரீசெட் அமுக்குப்பா" என்றார். வேண்டாம் என்றேன். ரீசெட் செய்தால் உள்ளே போட்டு வைத்த அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகலாம்.

அப்போதுதான் வகுப்பில் பயன்படுத்திய வயர்ஷார்க் நினைவுக்கு வந்தது. கேபிளில் ஓடும் பாக்கெட்டுகளை அப்படியே காட்டும் இலவச மென்பொருள் அது. நாம் கத்துவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிற வழி. திறந்து வைத்துக்கொண்டு பெட்டியின் மின்சாரத்தை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். பெரும்பாலான பெட்டிகள் விழித்ததும் "நான் வந்துட்டேன்" என்று எல்லாருக்கும் ஒரு பாக்கெட் அனுப்பும். நம் முகவரி தப்பாக இருந்தாலும் வயர்ஷார்க்கில் அது தெரியும். வந்தது: 2.37 என்று தொடங்கும் முகவரி. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. (இதை வீட்டிலேயே நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இணையத்தை நம்பாதீர்கள்.)

உடனே லேப்டாப்புக்கு 2.0.0.10 என்று நிலையான முகவரி கொடுத்தேன். மறுபடியும் பட்டியல் காலி! பழக்க தோஷத்தில் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று தட்டியிருந்தேன். மாஸ்க் என்பது முகவரியில் எதுவரை தெருப் பெயர், எது வீட்டு எண் என்று பிரிக்கும் கோடு. நான் போட்ட கோட்டின்படி முதல் மூன்று எண்களும் தெருப் பெயர். 2.0.0 ஒரு தெரு, 2.37 வேறு தெரு. 255.0.0.0 என்று மாற்றினால் முதல் எண் மட்டும் தெரு. இருவரும் ஒரே தெருக்காரர்கள். பிங் செய்தேன், பதில் வந்தது.

பிங்குக்குப் பதில் வருகிறது, மென்பொருளில் மட்டும் இன்னும் வரல. இந்தக் கட்டத்தில்தான் பலர் பெட்டியைத் திட்ட ஆரம்பிப்பார்கள். உண்மையில் இது நல்ல செய்தி. வழி சரி, வாசலில் யாரோ தடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் விண்டோஸ் பயர்வால். இணையம் இல்லாத புது இணைப்பைப் பொது இடம் என்று கருதி, கேட்காமல் வரும் பாக்கெட்டுகளை அது நிறுத்திவிடும். நோட் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் பதில் அதன் கண்ணுக்குக் கேட்காமல் வந்ததுதான். பயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். உங்கள் விளக்கு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அதோடு வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இரண்டு வழி திறந்திருந்தால் மென்பொருள் எந்த வழியில் கத்துகிறது என்று உங்களுக்கே தெரியாது. நாங்கள் பயன்படுத்திய கியூஎல்சி பிளஸ் இலவச மென்பொருளில் ஆர்ட்நெட் வரிசை ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக இருக்கும், 2.0.0.10 உள்ள வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரியை மாற்றிய பிறகு மென்பொருளை மூடித் திறப்பதும் அவசியம்.

6.25க்குப் பட்டியலில் பெட்டியின் பெயர் வந்தது. ஆனால் விளக்கு எரியவில்லை. இது சின்ன விஷயம்: ஆர்ட்நெட்டில் யுனிவர்ஸ் எண் 0இலிருந்து தொடங்கும், சில மென்பொருள்கள் திரையில் 1 என்று காட்டும். ஒன்று கூட்டிப் பாருங்கள், ஒன்று குறைத்துப் பாருங்கள். நான் ஒன்று குறைத்தேன். நடராஜருக்குப் பின்னால் நீலம் எழுந்தது. மேடை ஓரம் நின்றிருந்த பிள்ளைகள் கத்திய கத்தில் நாட்டிய ஆசிரியை ஓடி வந்துவிட்டார்.

இன்னும் இரண்டு பெயர்கள் உங்கள் காதில் விழும். எஸ்ஏசிஎன் முறையில் வாங்கும் பெட்டிகள் தாமாகப் பெயர் சொல்லாது. யுனிவர்ஸ் 1க்கான தகவல் 239.255.0.1 என்ற பொது முகவரிக்குப் போகும், வேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அங்கே பட்டியல் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். இன்னொன்று ஆர்டிஎம். அது பெட்டியையும் தாண்டி, டிஎம்எக்ஸ் கம்பியில் தொங்கும் விளக்குகளையே தேடும். இருவர் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழம்பினால், தேடும் எண் வரம்பைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, ஒருவர் மட்டும் பேசும்வரை போகும். அழகான யோசனை. ஆனால் நாம் வாடகைக்கு எடுக்கும் மலிவு விளக்குகள் பலவற்றில் அந்த வசதி இருக்காது. ஏணி போட்டு ஏறி முகவரி பார்க்க வேண்டியதுதான்.

தம்பிகளே, நாலு கேபிள், ஒரு சின்ன சுவிட்ச், மாஸ்கிங் டேப், மார்க்கர் எல்லாம் செயலவை அறை அலமாரியில் நீல டப்பாவுக்குள் இருக்கு. பெட்டி வாடகைக்கு வந்த அன்றே முகவரியைக் கண்டுபிடித்து, டேப்பில் எழுதி அதன் தலையில் ஒட்டிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது டேப்பை உரிக்க வேண்டாம். அடுத்து எடுக்கிறவருக்கு உதவும்.