வயிற்றுக் கொழுப்பும் ஆண்மைச் சுரப்பும்



இம்முறை நாம் எழுதப் புகும் விஷயம், கடையில் நால்வர் கூடினால் ஒருவர் காதில் ஒருவர் மெல்லச் சொல்லிக்கொள்வது. ஆனால் டாக்டரிடம் சொல்ல நா எழாதது. நாற்பதைத் தாண்டிய நம்மவர் பலர், “முன்போல் உடம்பில் தெம்பில்லை, அஸர் நேரமானால் அசதி, இல்லறத்திலும் நாட்டமில்லை” என்று மனம் சோர்கின்றனர். சிலர் வயதின் மீது பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கின்றனர். வேறு சிலர் இரகசியமாக மாத்திரையும் பொட்டலமும் வாங்குகின்றனர். இவ்விரண்டுக்கும் முன்பு பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அது நம் இடுப்புச் சுற்றளவின் கணக்கு.

மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் கற்றதும், பிறகு கல்லாவில் இருந்து கற்றதுமே நம் கல்வி. ஆதலின் டாக்டர்கள் சொல்லக் கேட்டதையும் படித்து அறிந்ததையும் கடைக்காரர் பாஷையிலேயே சொல்ல முயல்வோம்.

முதலாளியும் பட்டறையும்

ஆண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோன் ஊறுகிறது. தாடி மீசை வளர்வது, குரல் தடிப்பது, தசையும் எலும்பும் உறுதிப்படுவது, இல்லற நாட்டம், பிள்ளைப்பேறு ஆகிய யாவற்றுக்கும் இது வேண்டும். 1849-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துக் கெட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் இளஞ்சேவல்களின் விரைகளை நீக்கிப் பார்த்தார். அவற்றுக்குக் கொண்டை வளரவில்லை, கூவவும் இல்லை. வேறு சிலவற்றுக்கு விரையை எடுத்து வயிற்றுக்குள் வைத்தார். அவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்தும் இவ்வாறு நடந்தபடியால், இரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று செல்கிறது என்று அவர் கண்டார். அந்த ஒன்றை 1935-ல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டெரோன் என்று பெயரிட்டனர்.

விரைகளை ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பட்டறை தன் இஷ்டம்போல் சரக்குச் செய்வதில்லை. மூளையின் அடிப்பாகத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியே முதலாளி. அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி கணக்கப்பிள்ளை. ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முதலாளி ஒரு சீட்டு அனுப்புகிறார். அதைக் கண்ட கணக்கப்பிள்ளை, எல்.எச். என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விட்டுப் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கிறார். சரக்கு இரத்தத்தில் வந்து சேர்கிறது. முதலாளி இருப்பைப் பார்க்கிறார். இருப்பு நிறைந்திருந்தால் ஆர்டரைக் குறைக்கிறார், குறைந்திருந்தால் கூட்டுகிறார். நம் கிட்டங்கியை நாம் நடத்துவதும் இப்படித்தானே!

கொழுப்பு செய்யும் தில்லுமுல்லு

வயிற்றுக் கொழுப்பை, மூலையில் கிடக்கும் பழைய மூட்டை என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது தவறு. கொழுப்பும் ஒரு சுரப்பியைப்போல் ஓயாமல் வேலை செய்கிறது. அதில் அரோமடேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டெரோனைப் பிடித்து, பெண்களிடம் மிகுதியாக உள்ள ஈஸ்ட்ராடியோல் என்னும் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. ஆணுக்கும் எலும்பு உறுதிக்காக அது சிறிதளவு வேண்டும். ஆனால் கொழுப்புப் பெருகினால் இந்த மாற்றமும் பெருகலாம். மூளை இருப்பைப் பார்க்கும்போது ஈஸ்ட்ராடியோலையும் சேர்த்தே எண்ணுகிறது. “சரக்கு நிறைய இருக்கிறது” என்று ஏமாந்து ஆர்டரைக் குறைத்துவிடுகிறது. பட்டறை நன்றாகவே இருக்கிறது, ஆர்டர்தான் வரவில்லை.

இன்னொரு தூதும் உண்டு. 1994-ல் அமெரிக்காவில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்து ஜெப்ரி பிரீட்மேன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டுபிடித்தனர். கொழுப்பு இதைச் சுரந்து, உடம்பில் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. சேமிப்பு அடியோடு வற்றினாலும் மூளை ஆண்மைச் சுரப்பை நிறுத்தி வைக்கும். 1944, 1945-ம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 வாலிபர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிறு உண்டு, எடையில் ஏறக்குறைய கால்பங்கு இழந்தனர். அவர்களுக்குப் பெண்ணாசை வெகுவாகக் குறைந்துபோயிற்று. இதற்கு மாறாகச் சேமிப்பு மிதமிஞ்சினால் லெப்டின் பெருகி, ஓயாத இரைச்சலில் காது மரத்துப்போவதுபோல, மூளை அச்செய்தியைக் கேளாமல் விடுகிறது. அதனாலும் ஆர்டர் தளர்கிறது. ஆக, பட்டினியும் கேடு, பெருந்தீனியும் கேடு.

கேடு இத்துடன் நிற்பதில்லை. டெஸ்டோஸ்டெரோன் குறைந்தால் தசை கரைந்து, கொழுப்பு மேலும் சேரும். கொழுப்புச் சேர்ந்தால் அது மேலும் குறையும். கடன் கடனை வளர்ப்பது போலத்தான்.

நம் சொந்தக் கணக்கு

ஊராருக்கு உபதேசமாக இதை எழுதவில்லை. கைலி கட்டும் நமக்கு இடுப்பு பெருத்தது கண்ணில் படாது; கால்சட்டையைப்போல் அது இறுக்குவதில்லையே! நம் இடைவார்தான் காட்டிக்கொடுத்தது. மூன்றாம் துளையில் இருந்தது கடைசித் துளைக்கு வந்து, பிறகு புது வார் வாங்க நேர்ந்தது. அசதிக்கு மருந்து கேட்டு டாக்டரிடம் போனோம். அவர் மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. அளவு நாடாவை எடுத்தார். 41 அங்குலம். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது 35½ அங்குலத்துக்குமேல் போனால் ஆபத்து என்றார். வெட்கமாக இருந்தது.

நிற்க. அந்நாளில் நம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே ‘ஆண்மைக் காபி’ப் பொட்டலங்கள் தொங்கின. விற்பனையும் லாபமும் நன்றாகவே இருந்தன. இத்தகைய காபியிலும் மாத்திரையிலும் சில்டெனாபில், தடாலாபில் முதலிய மருந்துகள் பெயர் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய, சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டு எச்சரித்துள்ளனர். இருதய நோய்க்காக நைட்ரேட் மருந்து உண்பவர் இதை அறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் திடீரென விழுந்து உயிருக்கே மோசமாகும். 2008-ம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்ததை நாம் மறக்கலாகாது. கள்ள ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து கலந்திருந்தது. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள், நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை விழுந்து ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர்; அவர்களில் பலர் இம்மாத்திரைகளை உண்டவர்கள். 7 பேர் நினைவு திரும்பாமல் கிடந்தனர். அவர்களில் 4 பேர் இறந்தனர்.

இதை அறிந்த அன்றே பொட்டலங்களை அவிழ்த்துக் குப்பையில் போட்டோம். பேரேட்டில் நஷ்டம் சிறிதுதான். ஆனால் நம் கையால் வாங்கிப்போனவர்கள் எத்தனை பேரோ என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது. இந்தப் பொட்டலம் ஆர்டர் கொடுக்கும் முதலாளியையும் திருத்தாது. ஏமாற்றும் கொழுப்பையும் கரைக்காது.

செய்ய வேண்டியவை

1. விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

2. டின்பால் ஊற்றிய தேநீரைக் குறையுங்கள். நாம் நாளைக்கு ஆறு கிளாஸ் குடித்தோம். இப்போது இரண்டு, அதுவும் சீனியின்றி. இஷாவுக்குப் பின் கடையடைத்து, நள்ளிரவில் நாசி கண்டார் உண்டு படுக்கும் பழக்கத்தையும் விட்டோம்.

3. தினமும் நடங்கள். கடைப்பையனைக் கூப்பிடுமுன், தூக்க முடிந்த சரக்கை நீங்களே தூக்குங்கள். தசை வளர்ந்தால் கொழுப்பு அடங்கும்.

4. தூக்கத்தைத் திருடாதீர்கள். இச்சுரப்பு பெரும்பாலும் தூக்கத்திலேயே ஏறுகிறது. 2011-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே தூங்கிய 10 வாலிபர்களுக்குப் பகல்நேர டெஸ்டோஸ்டெரோன் 10 முதல் 15 சதம் வரை குறைந்தது.

5. சந்தேகமிருந்தால் டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையைக் காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரு நாட்களில் செய்ய வேண்டும். எல்லாத் தளர்ச்சிக்கும் கொழுப்பே காரணமன்று. நீரிழிவும் பிட்யூட்டரி நோயும்கூட இருக்கலாம். டாக்டர் சொல்லாமல் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வெளிச்சரக்கு வந்ததும் முதலாளி ஆர்டரை நிறுத்துவார், பட்டறை சுருங்கும், விந்தணு குறையும். பிள்ளை வேண்டுவோருக்கு இது பெருங்கேடு.

எட்டு மாதத்தில் நம் இடுப்பு 37 அங்குலமாயிற்று. காலைப் பரிசோதனையின் எண்ணும் ஏறியிருக்கிறது. இன்னும் ஒன்றரை அங்குலம் பாக்கி. இன்ஷா அல்லாஹ் அதையும் தீர்ப்போம்.

சகோதரர்களே! வருஷ முடிவில் கடை இருப்பை எண்ணாத வியாபாரி நம்மில் இல்லை. இன்றிரவு கடையடைத்ததும் அளவு நாடாவை எடுத்து, உடம்பின் இருப்பையும் ஒருமுறை பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பொட்டலங்கள் தொங்கினால், நாடாவை எடுக்கும் முன் அவற்றை அவிழ்த்துவிடுங்கள்.