மூன்று மாதப் பயிற்சி போதுமா?

கேள்வி: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தேன். ரத்த மாதிரி எடுக்கும் பிளெபாட்டமி டெக்னீஷியன் வேலைக்கு ‘மூன்றே மாதத்தில் சான்றிதழ்’ என்று ஒரு மையம் அழைக்கிறது. சேரலாமா? சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இந்த வேலைக்குத் தேவை உண்டா?

— வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: “எந்த மருத்துவமனையில், யார் மேற்பார்வையில், எத்தனை பேருக்கு நான் ரத்தம் எடுப்பேன்?” நேரான பதில் வராவிட்டால் திரும்பிவிடுங்கள். பொம்மைக் கையில் மட்டும் பழகியவருக்கு நோயாளியின் கையில் ரத்தக்குழாய் பிடிபடாது.

வீட்டு நிலைமை இடம்கொடுத்தால் இரண்டாண்டு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) படியுங்கள். ரத்தம் எடுப்பதோடு பரிசோதனையும் கைவரும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள், கட்டணம் குறைவு.

ஊசி குத்துவது பாதி வேலைதான். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசியம் உப்பு இருக்கும். அதில் ஒரு துளி, பொட்டாசியம், கால்சியம் பார்க்க எடுக்கும் சிவப்பு மூடி டியூபில் கலந்தாலும் பொட்டாசியம் கூடுதலாக, கால்சியம் குறைவாகக் காட்டும். இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்கிவிடும். அதனால் சிவப்பு முதலில், ஊதா பிறகு. கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்துங்கள். வேலையில் சேருமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள்.

தேவை உங்கள் ஊரிலேயே உண்டு. சிப்காட்டில் உள்ள ஈயம் உருக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கு ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோலில் ஒட்டிய ஈயத்தூசி மாதிரியில் கலந்தால் அளவு ஏறிக் காட்டும். எனவே ஸ்பிரிட் பஞ்சுக்கு முன் சோப்பும் தண்ணீரும். வடமாநிலத் தொழிலாளியிடம், “நீங்கதானே ராஜு?” என்று கேட்டால், புரியாமலே தலையாட்டிவிடுவார். பெயரை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அதற்கு வேண்டிய இந்தியைக் கற்றுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்ததும் அவர் எதிரிலேயே டியூபில் பெயர் ஒட்டுங்கள்.

தவறாக எடுத்த மாதிரியை எந்த இயந்திரத்தாலும் சரிசெய்ய முடியாது. சான்றிதழ் எத்தனை நாளில் வரும் என்று பார்க்காதீர்கள். கை பழகும் இடத்தில் சேருங்கள்.