கல்லோடு மணலும் வேண்டும்

கேள்வி: 2004 சுனாமியில் புதுச்சேரி நகரைக் காப்பாற்றியது பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடல் சுவர் என்கிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இவ்வளவு கல் கொட்டியும் கடல் கரையைத் தின்கிறதே, ஏன்?
– வாசகர், பேசின் பிரிட்ஜ்

பதில்: சுவர் அலையைத் தடுக்கும், மணலைக் கொண்டுவராது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகம் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரைந்தது. கல் போட்ட இடம் தப்பியது. அரிப்பு அடுத்த குப்பத்துக்குத் தள்ளிப்போனது.

புதுச்சேரியிலும் 1980-களில் துறைமுகம் வந்தபின் சுவர் நின்றது, மணற்பரப்பு போய்விட்டது. 2018-ல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே மணல் திரும்பியது. வடசென்னைக்கும் அந்த அக்கறை வேண்டும். உரக்கக் கேளுங்கள்.