சீட்டாட்டத்திற் குறியீட்டுச் சொற்கள்

இலக்கணங் கற்கப் புகும் மாணவனை முதலில் இடர்ப்படுத்துவது விதியன்று, குறியீடே. உயிர் என்னுஞ் சொல்லை அவன் வீட்டில் ஒரு பொருளிற் கேட்டு வளர்கின்றான். வகுப்பறையில் அதுவே பன்னிரண்டு எழுத்துக்களுக்குப் பெயராகின்றது. வேற்றுமை என்பது வித்தியாசம் என அறிந்திருந்தவனுக்கு, அது பெயர்ப்பொருளை வேறுபடுத்துவது என்று புதிதாகக் கூறவேண்டியிருக்கின்றது. ஒரு சொல்லை உலகவழக்கினின்றும் பிரித்தெடுத்து, இந்நூலில் இதற்கு இதுவே பொருளென வரையறுத்து, அதன்பின் அவ்வரையறையைத் திரும்பத் திரும்பக் கூறாது சொல்லை மாத்திரம் ஆளுதல் நம் நூலாசிரியர்களின் தொன்றுதொட்ட முறை. 'ஊறுகாய் என்பது வினைத்தொகை' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகின்றோம். அக்குறியீடு இல்லையாயின், ஊறியது, ஊறுகின்றது, ஊறப்போவது ஆகிய மூன்றையும் ஒருங்கே அடக்கி நிற்பது என்று ஒவ்வோர் உதாரணத்துக்கும் ஒரு பத்தி எழுதவேண்டிவரும்.

இம்முறையினை நம் காலத்தில் மிகத் திருத்தமாகக் கையாளும் ஒன்று, நாம் எதிர்பாராத இடத்திலே இருக்கின்றது. மாணவர் சிலர் இடைவேளையிலே விறாந்தை மூலையிற் கூடியிருந்து, பூதமும் பறவைநாகமும் வரைந்த வண்ணச் சீட்டுக்களைப் பரப்பி ஆடுவதைப் பலரும் கண்டிருப்பர். பறித்து வைத்தலே தகும் என்பார் ஆசிரியருள் உளர். பாடவேளையாயின் யானும் அவ்வாறே செய்வேன். ஆயினும் பறிக்குமுன் ஒரு சீட்டை வாசித்துப் பார்ப்பது நன்று.

அவ்விளையாட்டின் பெயர் 'மஜிக்: த கதறிங்' என்பது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற றிச்சட் காபீல்ட் என்னும் அமெரிக்கர் இயற்றியது. 1993 ஆம் ஆண்டு விசாட்ஸ் ஒவ் த கோஸ்ற் என்னும் நிறுவனம் வெளியிட்டது. பழைய மாணவருக்கு நன்கு பழக்கமான முந்நூற்றுநான்கோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும். முந்நூற்றுநான்கிலே ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2 என்பவையும், துரும்பின் வலிமையும் ஆடுவோர் நெஞ்சிலே இருக்கின்றன. சீட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை. இங்கோ ஒவ்வொரு சீட்டும் தன் ஆற்றலைத் தன் முகத்திலே எழுதிக்கொண்டு வருகின்றது. ஆடுவோர் இருவரும் தத்தமக்குரிய சீட்டுக்களைத் தாமே தெரிந்து, 60 இற் குறையாத கட்டொன்று அமைப்பர். அடிப்படை நிலச்சீட்டு ஒழிந்த எதனையும் 4 இன் மேற் சேர்த்தல் கூடாது. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப்புள்ளி. உயிரிகளை வரவழைத்துத் தாக்கி, எதிரியின் புள்ளியை இல்லாமற் செய்பவன் வெல்வான். உயிரி ஒவ்வொன்றுக்கும் தாக்குவலு, தாங்குவலு என இரண்டு எண்கள் உள. தாக்க வரும் உயிரியை மற்றவன் தன் உயிரியால் மறிக்கலாம். இவ்வளவும் பொதுவிதி.

இனிக் குறியீட்டுக்கு வருவோம். சீட்டின் இடம் சிறிது. அதனால் அடிக்கடி வரும் ஆற்றல்களுக்கு ஒவ்வொரு சொல்லிட்டு, அச்சொல்லின் முழுப் பொருளை விதிநூலிலே வரையறுத்துள்ளனர். விதிநூல் இருநூறு பக்கத்துக்கு மேற்பட்டது. அதன் 702 ஆம் பகுதியில் 150 இற்கு மேற்பட்ட ஆற்றற்சொற்கள் விளக்கப்பட்டுள்ளன. 'பிளையிங்', அதாவது பறத்தல், அவற்றுள் ஒன்று. அதன் பொருள் யாது? சீட்டிலுள்ள பறவையைப் பார்த்த மாணவன், 'வானத்திலே செல்வது' என்பான். விதிநூல் வானத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பறத்தலுடைய உயிரியை, பறத்தலோ எட்டலோ உடைய உயிரி தவிர வேறெதுவும் மறித்தல் இயலாது என்பதே அதன் முழுப்பொருள். ஆகவே பறக்கும் உயிரி நிலத்தில் வருவதை மறிக்கலாமா என்னும் வினாவுக்கு, மறிக்கலாம் என்பதே விடை. பறவை கீழே இறங்குமா என ஆராய்வது வீண். வரையறை தடுக்காததை நாம் தடுக்க உரிமையில்லை.

'எட்டல்' என யான் கூறியது 'றீச்' என்பதை. முதற்றொகுதியிலேயே இராட்சதச் சிலந்தி ஒன்று உண்டு. வலைவிரித்துப் பறப்பனவற்றையும் அது பிடிக்கும் என்பது கற்பனை. ஆனால் அந்நாளில் அதற்கெனச் சொல்லில்லை; ஒரு வாக்கியமாகவே எழுதினர். 2007 ஆம் ஆண்டிலேதான் அவ்வாக்கியத்துக்கு றீச் என்னும் பெயர் கிடைத்தது. அவ்வாறே செரா ஏஞ்சல் என்னும் புகழ்பெற்ற சீட்டு 1993 இல் 'தாக்குவதனால் இது சாய்க்கப்படுவதில்லை' என்ற கருத்துள்ள வாக்கியத்தோடு வந்தது. தாக்கிய உயிரியின் சீட்டைக் குறுக்காகச் சாய்த்துவைத்தல் பொதுவிதி. சாய்ந்தது மறிக்க இயலாது. ஆகவே தாக்கியவன் எதிரியின் முறையிலே காவலின்றி நிற்பான். அந்த ஏஞ்சல் தாக்கிய பின்னரும் நிமிர்ந்து நின்று காக்கும். பதினொரு ஆண்டு கழித்து, 2004 இல், இதற்கு 'விஜிலன்ஸ்' என்று பெயரிட்டனர், விழிப்பு எனலாம். இலக்கியங் கண்டபின் இலக்கணம் இயம்புவதென நாம் கூறுவதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. வாக்கியம் பல சீட்டுக்களிலே பயின்று, பயின்றதனாற் பெயர் பெற்றது.

பெயரிட்டவை எல்லாம் நிலைத்தன என்பதற்கில்லை. முதற்றொகுதியிலிருந்த 'பாண்டிங்' என்னும் கூட்டுச்சேர்தற் சொல்லை விளக்கப் புகுந்தவர் பலர் தாமே மயங்கினர். சுருக்குவதற்காக இட்ட சொல், வாக்கியத்தினும் நீண்ட விளக்கத்தை வேண்டியது. புதிய தொகுதிகளில் அதனைக் கைவிட்டமை தக்கதே.

உலகவழக்குப் பொருளால் மிகுதியும் ஏமாறுவது இரண்டு சொற்களிலே. ஒன்று 'இன்டிஸ்றக்டிபிள்', அழியாமை. அழியாதது சாகாது என்று எண்ணிவிடுகின்றனர். விதிநூலில் 'அழித்தல்' என்பதும் ஒரு குறியீடு. அழித்தல் என்னுஞ் செயலும், தாங்குவலுவை மிஞ்சிய சேதமும் அவ்வுயிரியை ஒன்றும் செய்யா. ஆனால் ஒரு மந்திரம் அதன் தாங்குவலுவைப் பூச்சியமாக்கினால் அது ஒழிந்துபோம். உடையவனையே பலியிடச் செய்தாலும் ஒழியும். ஆட்டத்தினின்று நாடுகடத்தினாலும் ஒழியும். மற்றையது 'ஹெக்ஸ்புறூவ்'. எதிரியின் மந்திரம் இவ்வுயிரியை இலக்காகக் கொள்ளல் இயலாது என்பதே அதன் பொருள். உயிர்நிலை 'இலக்கு' என்ற சொல்லிலே உள்ளது. ஓர் உயிரியை இலக்காகத் தெரிந்து அழி என்னும் மந்திரம் அதனை அணுகாது. எல்லா உயிரிகளையும் அழி என்னும் மந்திரமோ எதனையும் தெரிவதில்லை. ஆதலின் ஹெக்ஸ்புறூவ் உடையதும் மற்றவற்றோடு மடியும். பரீட்சை வினாத்தாளில் 'விளக்குக' என்பதற்கும் 'குறிப்பிடுக' என்பதற்கும் வேறுபாடு காணாது புள்ளியிழக்கும் மாணவர், இங்கே 'இலக்கு' என்ற ஒரு சொல் உண்டா இல்லையா என்று சீட்டை மும்முறை படிக்கின்றனர். இதனை யான் பொறாமையோடுதான் நோக்குகின்றேன்.

இரண்டு குறியீடு ஓருயிரியிற் புணரும்போது நிகழ்வதைக் காண்பதே இதன் சுவை. 'டிறம்பிள்' என்பது, மறித்த உயிரியைக் கொல்லப் போதிய சேதத்தை அதற்கு ஒதுக்கி, எஞ்சியதை எதிராளிமேற் செலுத்தும் உரிமை. 'டெத்டச்', இதன் சேதம் எவ்வளவு சிறிதாயினும் அதனை ஏற்ற உயிரி அழியும் என்பது. தாக்குவலு 5 உடைய உயிரி ஒன்றைத் தாங்குவலு 6 உடைய மதில் மறிக்கின்றது எனக் கொள்க. டிறம்பிள் மாத்திரம் இருப்பின் ஐந்தும் மதிலோடு முடியும். டெத்டச்சும் உடனிருப்பின் மதிலைக் கொல்ல 1 போதும். ஆகவே மிகுந்த 4 ஐயும் எதிராளிமேற் செலுத்தலாம். இரண்டு சொல்லின் வரையறையிலும் இவ்விளைவு எழுதப்படவில்லை. 'கொல்லப் போதிய' என்னுந் தொடருக்கு டெத்டச் புதுப்பொருள் தர, விளைவு தானே பிறக்கின்றது. சந்தி விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திச் சொல்லைப் புணர்த்துவோருக்கு இது புதிதன்று.

வரையறை மாறினால் வெற்றி தோல்வியும் மாறும். 'லைவ்லிங்க்' என்பது, உயிரி செய்யும் சேதத்தின் அளவுக்கு உடையவனுக்கு உயிர்ப்புள்ளி கூடுதல். 2007 இல் இச்சொல்லை இட்டபோது, சேதம் நிகழ்ந்த பின்னர்ப் புள்ளி கூடும் என்றே பொருள். 2009 இற் செய்த திருத்தத்தாற் சேதமும் பேறும் ஒருங்கே நிகழ்வனவாயின. 2 புள்ளியே எஞ்சிய ஒருவனை, வலு 3 உடைய உயிரிகள் இரண்டு தாக்குகின்றன. ஒன்றைத் தன் லைவ்லிங்க் உயிரியால் மறிக்கின்றான். அதன் வலுவும் 3. மற்றையது அவன்மேற் பாய்கின்றது. பழைய பொருளில் அவன் பேறு வருமுன்னரே தோற்றான். புதிய பொருளில் மூன்று போய் மூன்று வந்து இரண்டோடே நிற்கின்றான். சீட்டில் எழுத்து ஒன்றேனும் மாறவில்லை.

பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்குமென்பது இங்கும் முதற்கொள்கை: சீட்டின் வாக்கும் விதிநூலும் முரணின் சீட்டின் வாக்கே வெல்லும். இன்னொன்று, 'இயலும்' என்பதும் 'இயலாது' என்பதும் முரணின் 'இயலாது' என்பதே நிற்கும். இம்முறையில் இன்னுமொரு நிலம் இடலாம் என ஒரு சீட்டும், நிலம் இடல் ஆகாது என மற்றொன்றும் கூறின், இடுதல் ஆகாது.

நிற்க. இச்சீட்டுக்கள் ஆங்கிலம், ஜப்பானியம், ஜேர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் அச்சாகின்றன, தமிழில் அச்சானதில்லை. அதனால் ஆங்கிலம் நன்கு வாசிக்க மாட்டாத இளைய மாணவன், மூத்தவன் சொல்லும் பொருளையே விதியாக ஏற்கவேண்டியிருக்கின்றது. தோற்கும் தறுவாயில் மூத்தவன் கூறும் பொருள் சில வேளை விதிநூலில் இருப்பதில்லை. நல்ல சீட்டொன்றை அற்பச் சீட்டுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, அதன் ஆற்றல் இன்னதெனப் பின்னர் அறிந்து முகம் வாடிய சிறுவனை யான் கண்டிருக்கின்றேன். நம் நாட்டில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டதனாலேயே விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்பித்தல் எளிதாயிற்று. விளையாட்டுக்கு அத்துணை ஏற்பாடு வேண்டுவதில்லை. ஒரு பயிற்சிக்கொப்பியே போதும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலரோடு அமர்ந்து அத்தகைய தொகுதியொன்று தொடங்கியுள்ளேன். நிபந்தனை இரண்டே: ஒரு சொல்லுக்கு ஒரு சொல், அச்சொல் வேறெதற்கும் வழங்கலாகாது.

பறத்தல், எட்டல், விழிப்பு ஆகியவற்றில் வழக்கில்லை. வந்த முறையிலேயே தாக்க இடந்தரும் 'ஹேஸ்ற்' என்பதற்கு விரைவு என்றோம். 'பெஸ்ற் ஸ்றைக்' என்பது முந்தடி. டெத்டச்சுக்கு நச்சுத்தீண்டல் என்றான் ஒருவன். 'நஞ்சு' வேறொரு குறியீட்டுக்கு வேண்டியிருத்தலின் அதனை நீக்கிச் சாத்தீண்டல் என அமைத்தோம். டிறம்பிள் ஒன்றே இன்னும் முடிவாகவில்லை. மிதித்தல் என்பது சொல்லுக்குச் சரி, பொருளுக்குப் போதாது. எஞ்சியது அப்பாற் செல்லும் கருத்து அதில் இல்லை. ஊடுருவல் என்றால் மறித்த உயிரிக்குச் சேதமில்லை என்று தோன்றும். 'மிதித்தேகல்' என்பது ஒரு மாணவன் கண்ட சொல். செவிக்குச் சிறிது கரடாயினும், இப்போதைக்கு அதனையே பென்சிலால் எழுதிவைத்திருக்கின்றோம்.