கைவினை மாண்டலின்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும், சிறு பட்டறையொன்றில் தனியாகவோ ஓரிரு உதவியாளருடனோ உழைத்து, ஆண்டுக்குச் சில மாண்டலின்களை மட்டுமே செய்து முடிக்கும் கைவினைஞர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாத்தியம் வாங்க விரும்புவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. பெரிய ஆலையில் செய்ததென்றால் கடைக்குக் கடை ஏறி இறங்கி, ஒன்றையொன்று ஒப்பிட்டு வாசித்துப் பார்த்து, பின்பு பணத்தை எடுக்கலாம். தனிக் கைவினைஞரின் வாத்தியமோ, பெரும்பாலும் வாங்குவோர் முன்பணம் கொடுத்துப் பல மாதங்கள் காத்திருந்த பின்னரே உருப்பெறுகிறது. ஆகையால் செவி தீர்மானிக்க வேண்டிய இடத்தில் செவிவழிச் செய்திகள் வந்து அமர்ந்துகொள்கின்றன. அவற்றுள் சில வாங்குவோரின் பணத்தை விரயமாக்குவதோடு நல்ல கைவினைஞரின் உழைப்புக்கும் அநீதி செய்வதால், அவற்றைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பது அவசியம் என்று எண்ணுகிறேன்.

இவற்றுள் மிகுந்த செலவு வைப்பது, தோளில் சுருள் வைத்த ‘எஃப்’ வடிவ மாண்டலினே நாதத்தில் உயர்ந்தது, நீர்த்துளி வடிவமான ‘ஏ’ வகை அதற்கு ஒரு படி தாழ்ந்தது என்னும் நம்பிக்கை. இதன் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். இத்தாலியின் நேப்பிள்ஸ் மரபில் மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிக் குடமாக அமைத்து வந்த இவ்வாத்தியத்தை, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன், வயலினைப் போலப் பலகையைக் குடைந்து செதுக்கும் முறைக்கு மாற்றி, 1898ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1902இல் அவர் பெயரால் ஏற்பட்ட கம்பெனி ஏ, எஃப் என்னும் இரு வகைகளையும் செய்து விற்றது. சுருள் அலங்காரத்தின் பொருட்டு அமைந்தது. அதன் உட்புறம் பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. தந்தியின் அதிர்வை ஏற்றுக் காற்றை அசைக்கும் மேற்பலகையின் பரப்பு இரு வகைகளிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் அச்சுருளைச் செதுக்கி, அதன் வளைவுகளையொட்டி விளிம்புப் பட்டியைப் பிளவின்றிப் பதித்து, குறுகிய குழிவுகளிலெல்லாம் மெருகு ஏற்றுவதற்குக் கைவினைஞர் பல நாட்களைச் செலவிட வேண்டியிருப்பதால், ஒரே மரமும் ஒரே கையும் ஒரே சிரத்தையும் சேர்ந்த இரு வாத்தியங்களுள் சுருள் உள்ளதன் விலை சில ஆயிரம் டாலர் கூடி நிற்கிறது.

செவிக்கு மெய்யாகவே புலப்படும் வேறுபாடு இருப்பது வேறோர் இடத்தில். முட்டை வடிவத் துளையுள்ள பழைய அமைப்பில் தண்டி 12ஆம் மெட்டருகே உடலோடு சேர்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரை மேற்பலகையின் கீழ்ப்புறம் தள்ளி நிற்கிறது. நாதம் உருண்டு, தடித்து, சற்று நீடித்து ஒலிக்கிறது. 1922இல் கிப்சன் கம்பெனி வெளியிட்ட எஃப்-5இலோ வயலினுக்குள்ளவை போன்ற இரு நீள் துளைகள் வந்தன; தண்டி நீண்டு 15ஆம் மெட்டில் உடலோடு இணைய, குதிரை மேற்பலகையின் நடுப்பகுதிக்கு நகர்ந்தது; ஒலி கூர்மை பெற்று, எழுந்த வேகத்திலேயே அடங்கி, பல வாத்தியங்களின் நடுவிலும் தனித்துக் கேட்கலாயிற்று. இம்மாறுதல்களுக்கும் சுருளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இவ்வமைப்பை வகுப்பதில் முதன்மையான பங்கு கொண்ட லாய்ட் லோர் என்பவரின் கையொப்பத்தோடு, இதே உள்ளமைப்பைச் சுருளற்ற ஏ வடிவத்தில் கொண்ட மாண்டலின் ஒன்று, 1923ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இன்றும் இருக்கிறது. இக்காலத்து ஏ-5 செய்யும் கைவினைஞர் பலருக்கு அதுவே மூல மாதிரி. ஆகவே ஒப்பிட வேண்டியவர்கள் ஏயையும் எஃப்பையும் எதிரெதிர் நிறுத்தாமல், முட்டைத் துளையையும் நீள் துளையையும் எதிரெதிர் நிறுத்திக் கேட்க வேண்டும். சுருளின் அழகில் மனம் பறிகொடுத்து அதற்கென்றே அதிக விலை கொடுப்பது குற்றமன்று; ஆனால் அவ்விலை கண்ணுக்குக் கொடுத்தது, செவிக்குக் கொடுத்ததன்று.

கையால் செய்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு மாண்டலின் ஆலையில் செய்ததைவிடச் சிறந்ததாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. உலகில் இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலைபோகிறவையும், கைவினைஞர் அநேகர் அளவெடுத்துப் பின்பற்றுகிறவையுமான எஃப்-5 மாண்டலின்கள், 1922க்கும் 1924க்கும் இடையில் கலமசூ ஆலையில், யந்திரங்களின் துணையோடு, பல தொழிலாளர் கைமாறிச் செய்தவை. லோர் அவற்றைத் தம் கையால் செதுக்கவில்லை. அவர் வாத்திய அமைப்பை ஆராய்ந்தவர், பரிசோதித்துக் கையொப்பமிட்டவர். அன்று அவற்றின் விலை 250 டாலர். மாண்டலின் வாத்தியக் குழுக்களின் மோகம் தணிந்துவந்த காலமாதலால் அவை பெரிதாக விற்பனையாகவும் இல்லை. 1923ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதியிட்ட ஒன்றை, 1940களில், மயாமி நகரத்து முடிதிருத்தும் கடையொன்றில் கண்டு, 150 டாலருக்கு வாங்கிய பில் மன்றோ, அதைக் கொண்டே புளூகிராஸ் என்னும் சங்கீத சம்பிரதாயத்தை நிலைநாட்டினார். அவருடைய கீர்த்தியே அவ்வாத்தியத்தின் உருவத்துக்கும் கீர்த்தியாயிற்று. எஃப் வடிவம் இல்லாமல் புளூகிராஸ் மேடை ஏறுவதற்கே பலர் கூச்சப்படும் நிலை அதனால் வந்ததுதான்.

அவ்வாறாயின் தனிக் கைவினைஞரிடம் என்ன விசேஷம்? ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரே அடிமரத்திலிருந்து அறுத்த இரு பலகைகள்கூட விறைப்பிலும் கனத்திலும் ஒத்திருப்பதில்லை. ஆலையில் வரைபடம் குறித்த கனத்துக்கு எல்லாப் பலகைகளையும் இழைத்துவிடுகிறார்கள். நல்ல கைவினைஞரோ இப்பலகை இன்னும் விறைப்பாக இருக்கிறது, இதை விளிம்போரம் மேலும் மெலிதாக்க வேண்டும் என்று வளைத்தும் தட்டியும் உணர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தீர்மானம் செய்கிறார். யந்திரம் முதற்செதுக்கலைச் செய்ததா, உளி செய்ததா என்பது இரண்டாம்பட்சம். அத்தீர்மானத்தைச் செய்தவர் யார், எத்தனை ஆண்டு அனுபவத்தோடு செய்தார் என்பதே முதன்மை. பலகையைத் தட்டி இன்ன சுரத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று சிலர் சொல்வதுண்டு. பலகையைப் பக்கச் சுவர்களோடு ஒட்டித் தந்தியேற்றிய பின்பு அதன் அதிர்வு முற்றும் மாறிவிடுவதால், அச்சுரத்தின் பெயரை ஓர் உத்தரவாதமாகக் கொள்வதற்கில்லை. அக்கைவினைஞர் வெவ்வேறு ஆண்டுகளில் செய்த மூன்று நான்கு மாண்டலின்களை, அவற்றை வைத்திருப்போரிடம் சென்று கேட்டு, எல்லாவற்றிலும் ஒரு குறிப்பிட்ட நாத குணம் தொடர்ந்து வருகிறதா என்று அறிவதே உத்தரவாதம். ஒன்று அபாரமாயும் மற்றொன்று மந்தமாயும் இருந்தால், முன்பணம் கொடுப்பதைத் தவிர்த்து, அவர் செய்து முடித்து வைத்திருப்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

மரத்தின் பெயரைச் சொல்லி விலை பேசுவதைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. மேற்பலகை ஸ்ப்ரூஸாகவும், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிளாகவும் இருப்பது மரபு. மேற்பலகையின் தரம் நாதத்தை மிகவும் பாதிக்கும் என்பதில் சந்தேகமில்லை. பின்பலகையின் கதை வேறு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பின்பலகையும் பக்கங்களும் தவிர மற்றெல்லாம் ஒத்த ஆறு கிதார்களைச் செய்வித்து, 52 வாசிப்போரிடம் மரம் தெரியாதவாறு கொடுத்துச் சோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் வாசித்தோர் அளித்த மதிப்பில் பெரிய பேதம் காணவில்லை. மாண்டலின் கிதார் அன்று. ஆயினும் வரிவரியாக மின்னும் மேப்பிளுக்கு அதிக விலை கேட்கும்போது, அது அழகுக்கான விலை என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

பழையதே சிறந்தது, புதியதும் வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும் என்பது வாத்திய உலகம் முழுவதும் பரவிய நம்பிக்கை. இதைச் சோதித்தவர்கள் வயலினைக் கொண்டே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 2010இல் ஆராய்ச்சியாளர் கிளாடியா ஃப்ரிட்ஸும் வயலின் கைவினைஞர் ஜோசப் கர்ட்டினும் அவர்தம் குழுவினரும், இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னெரி ஆகிய புகழ்பெற்ற பழைய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் 21 வித்வான்களிடம் அடையாளம் தெரியாதபடி கண்ணை மறைத்துக் கொடுத்தபோது, மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. ஆஸ்திரேலியாவிலோ, ஒரே மரத்தில் ஒரே கைவினைஞர் செய்த இரட்டை வயலின்களுள் ஒன்றை வித்வானிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, மற்றதை அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாத்து, மூன்றாண்டு கழித்து ஒப்பிட்டபோது, கேட்போர் கணிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காலம் மரத்துக்கு ஒன்றும் செய்வதில்லை என்று இவற்றால் நிரூபணமாகிவிடாது. ஆனால் இன்று மனத்துக்குப் பிடிக்காத மாண்டலினை, ஐந்தாண்டில் பிடித்துவிடும் என்ற வாக்கை நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இவை போதுமானவை.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இரு மாண்டலின்களைக் கையில் எடுத்து மாறி மாறி மீட்டினாலே எது உயர்ந்தது என்று தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். அவ்வாறு தெரிவது பெரும்பாலும் இரு மாண்டலின்களின் பேதமன்று. இரு தந்திக் கட்டுகளின் பேதம், இரு குதிரைகளின் பேதம். எட்டுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுத்துக்கொண்டிருக்கும் இச்சிறு வாத்தியத்தில், உச்சத் தந்தி 0.010 அங்குலத்திலிருந்து 0.011க்கு மாறினாலே ஒலியின் கனம் மாறுகிறது. பாஸ்பர் வெண்கலம் சுற்றிய புதுத் தந்தி பளிச்சென்று ஒலிக்க, இரண்டு மாதம் வியர்வை பட்ட தந்தி மங்கி ஒலிக்கிறது. மெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம் அரை மில்லிமீட்டர் குறைந்தால் விரலுக்குச் சுகமாயும் ஒலிக்கு வலுக் குறைவாயும் முடிகிறது. குதிரை மேற்பலகையில் ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்பதால், அனுப்பும் வழியில் அது சிறிது நகர்ந்திருந்தாலும் சுருதி பிசகி, நல்ல வாத்தியமும் அபசுரம் பேசும். ஆதலால் ஒப்பிடத் தொடங்குமுன் இரண்டுக்கும் ஒரே வகைப் புதுத் தந்தி பூட்டி, குதிரையின் பாதங்கள் மேற்பலகையில் இடைவெளியின்றிப் படிந்திருக்கின்றனவா என்று பார்த்து, தந்தியை 12ஆம் மெட்டில் விரலால் மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்சுரமும் அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாயிருக்கும்படி குதிரையை நிறுத்திக்கொள்ள வேண்டும். மீட்டும் பிக்கும் ஒன்றே ஆகட்டும்; மெல்லிய பிக்கில் ஒன்றையும் தடித்ததில் மற்றதையும் வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

இதன் பின்னும் இரண்டு மயக்கங்கள் எஞ்சும். சற்று உரக்க ஒலிப்பதை மனம் உடனே சிறந்ததென்று எடுத்துக்கொள்ளும். ஆகையால் மெதுவாக மீட்டியும் கேட்க வேண்டும், ஏனெனில் மெல்லிய மீட்டுக்கும் நிறைந்த நாதம் தருவதே அருமையான குணம். நாதம் பெரும்பாலும் முன்னோக்கிச் செல்வதால், வாசிப்பவர் கேட்பது ஒன்று, எதிரே அமர்ந்தவர் கேட்பது மற்றொன்று. நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, பத்தடி தள்ளி முதுகைக் காட்டி அமர்ந்து, எது எதென்று அறியாமல் கேட்பது உசிதம். நான்கு ஜோடித் தந்திகளும் ஒரே வாத்தியத்துக்குரியவையாகச் சமனாய் ஒலிக்கின்றனவா, உச்சத் தந்தி 12ஆம் மெட்டுக்கு மேலும் மெலிந்து கீச்சிடாமல் நிற்கிறதா, எந்த ஒரு சுரமாவது தனியாக அமுங்குகிறதா என்பவற்றை ஒவ்வொரு மெட்டாகச் சோதிக்க வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டு முடிவு செய்கிறவர்கள், ஒலிவாங்கி வைத்த இடமும் அறையும் வாசித்த கையும் சேர்ந்த ஒன்றையே கேட்கிறார்கள்.

தனி மனிதரிடம் வாங்கினால் பின்னால் பழுது பார்க்க நாதியில்லை என்ற பயமும் உண்டு. நல்ல கைவினைஞர் பலர், தண்டியைப் பிரித்து மீண்டும் பொருத்தத்தக்க இணைப்பும், தண்டிக்குள் வளைவைத் திருத்தும் இரும்புக் கோலும், சூட்டிலும் ஈரத்திலும் இளகும் விலங்குத் தோல் பசையும் கொண்டு செய்வதால், பழுது பார்க்கத் தெரிந்த எவரும் வாத்தியத்தைத் திறந்து சரிசெய்ய முடியும். கேட்க வேண்டியவை வேறு: முன்பணம் எவ்வளவு, எந்த நிலையில் அது திரும்பி வரும், தண்டியின் அகலம் நம் விரலுக்கு ஏற்ப மாறுமா, வந்து சேர்ந்தபின் வாசித்துப் பார்த்துத் திருப்பியனுப்ப எத்தனை நாள் அவகாசம், போக்குவரத்துச் செலவு யாருடையது. இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளத் தயங்கக் கூடாது. எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்கவும் கூடாது.

நம் நாட்டவர்க்குப் பிரத்தியேகமாக ஒன்று சொல்ல வேண்டும். மாண்டலினை நாம் ஸ்ரீநிவாஸ் அவர்களின் கையில் கேட்டுப் பழகியவர்கள். ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த அம்மகாவித்வான் கையாண்டது, ஜோடித் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின்சார மாண்டலின்; கமகத்துக்காகத் தந்தியை இழுப்பதற்கும், கார்வை நிற்பதற்கும் அது இடம் கொடுத்தது. செதுக்கிய எஃப்-5இல் இறுகிய ஜோடித் தந்திகளைச் சேர்த்து இழுப்பது கடினம். அதன் நாதம் விரைந்து அடங்குவதே அதன் இயல்பு. விலை உயர்ந்ததென்று அதை வாங்கித் தோடி வாசிக்க முயல்கிறவர், வாத்தியத்தின் மீது குறை சொல்வதில் பயனில்லை. கர்நாடக சங்கீதமே நோக்கமெனில் ஐந்து தந்தி மின்சார மாண்டலின் செய்கிறவரைத் தேடிச் செல்ல வேண்டும். மேல்நாட்டு முறையில் வாசிக்கவே செதுக்கிய மாண்டலினை வரவழைக்கிறவர்கள், காற்றின் ஈரப்பதம் 45இலிருந்து 50 சதவீதம் வரை உள்ள பட்டறையில் இழைத்த மரம், அதனினும் மிக ஈரமான சென்னைக் காற்றில் உப்பி, மேற்பலகை உயர்ந்து, தந்தியையும் மெட்டிலிருந்து உயர்த்திவிடும் என்பதைக் கைவினைஞரிடம் முன்பே தெரிவித்து, குதிரையை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் திருகுச் சக்கரங்கள் இரு திசையிலும் இடம் விட்டு அமையும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். வாத்தியம் வந்தபின் அதை ஈரப்பதம் காட்டும் சிறு அளவியோடு பெட்டியில் வைத்து, முதல் மழைக்காலம் கடந்த பிறகே தந்தியின் உயரத்தை நிலையாகத் திருத்த வேண்டும்.