ரூபாய்க்கு ஆறு பை: தாகூரின் கிராமங்களில் ஊர்ப்பணம்

1904 ஜூலையில் கல்கத்தா மினர்வா தியேட்டரில் இரவீந்திரநாத் தாகூர் 'சுதேசி சமாஜ்' என்ற உரையை வாசித்தார். வங்கத்தில் அப்போது தண்ணீர்த் தட்டுப்பாடு பெரும் பேச்சாக இருந்தது. குளம் வெட்டுவதும் பாடசாலை நடத்துவதும் காலங்காலமாக ஊரார் செய்துவந்த வேலைகள். அவற்றை அரசாங்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுக் காத்திருந்தால் ஊர் தன் பலத்தை இழந்துவிடும் என்று அவர் வாதாடினார்.

அந்த எண்ணத்தைச் செய்துபார்க்க அவருக்கு இடமும் இருந்தது. ஷிலைதஹா, பதிசர் ஆகிய ஊர்கள் குடும்ப ஜமீனைச் சேர்ந்தவை. இன்று வங்கதேசத்தில் இருக்கின்றன. அங்கே அவர் பட்டுத் தெரிந்துகொண்டவை, ஊர்ப்பணத்தில் பொதுவேலை எடுக்க நினைக்கும் எவருக்கும் இன்றும் உதவும்.

ஷிலைதஹா பக்கத்து ஊர் ஒன்றில் தீப்பிடித்தபோது அணைக்கத் தண்ணீர் இல்லை. கிணற்றை ஊரார் தோண்டினால் கட்டுச்செலவைத் தான் ஏற்பதாகத் தாகூர் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். உழைப்பு எங்களுடையது, புண்ணியம் மட்டும் ஜமீன்தாருக்கா என்பது அவர்கள் எண்ணம். குஷ்டியா வரை சாலை போட்டுக்கொடுத்து, பராமரிப்பை ஓரத்து ஊர்களிடம் விட்டபோதும் அதே கதை. வண்டிச் சக்கரங்கள் குழி பறித்து, மழைக்காலத்தில் சாலை பயன்படாமல் போனது. டவுன் பாபுக்கள் சொகுசாகப் போய்வர நாங்கள் ஏன் மண் அள்ளிப் போடவேண்டும் என்றார்கள் ஊர்க்காரர்கள்.

இரண்டு இடத்திலும் பணம் தடையாக இல்லை. என்ன வேலை, யாருக்காக என்ற முடிவில்தான் ஊருக்குப் பங்கில்லை. ஊர் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகே நன்கொடை உள்ளே வரவேண்டும் என்பது இதில் கிடைக்கும் முதல் பாடம்.

பதிசரைத் தலைமையிடமாகக் கொண்ட காளிகிராம் பகுதியில் முறை மாறியது. ஊர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தன. அவர்கள் கூடிய 'ஹிதைஷி சபை' பொது வேலைகளைத் திட்டமிட்டது. 1916-இல் ஓமாலி தொகுத்த ராஜஷாஹி மாவட்ட கெசட்டியர் அதன் நிதிக் கணக்கைத் தருகிறது: குடியானவர்கள் கட்டும் குத்தகையில் ரூபாய்க்கு ஆறு பை, ஜமீன் தரப்பில் ஆண்டுக்கு 1,250 ரூபாய். ரூபாய்க்கு 192 பை என்பதால் குடியானவர் பங்கு சுமார் மூன்று சதவீதம்தான். அந்தப் பணத்தில் 250 மாணவர் படித்த உயர்நிலைப் பள்ளியும் தர்ம மருந்தகமும் நடந்தன.

நம் ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது பெரும்பாலும் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை. பதிசரில் நிலம் அதிகம் வைத்திருந்தவர் அதிகம் கொடுத்தார். ஏழையும் ஒதுக்கப்படாமல் தன் பங்கைக் கட்டினார். பொதுவேலைக்கு வசூலிக்கும் ஊர்கள் இந்த முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பாடம் கசப்பானது. 1905-இல் பதிசரில் தாகூர் விவசாய வங்கி தொடங்கினார். கல்கத்தா நண்பர்கள் 7 சதவீத வட்டிக்குப் பணம் போட்டார்கள். விவசாயிகளுக்கு 12 சதவீதத்தில் கடன் போனது. சாந்திநிகேதன் பள்ளிக்கென ஒதுக்கிய நோபல் பரிசுத் தொகை ஒரு லட்சத்துக்கும் மேல் அங்கேயே போடப்பட்டது. வட்டி பல ஆண்டுகள் பள்ளிக்கு வந்தது. 1930-களில் விளைபொருள் விலை சரிந்து, கடன் நிவாரணச் சட்டமும் வந்தபின் முதல் திரும்பவில்லை. பொதுநிதியும் கடன்நிதியும் தனித்தனிக் கணக்கில் இருப்பதே பாதுகாப்பு. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் பள்ளிக்கூடம் நடந்தாக வேண்டுமே.

தமிழ்நாட்டில் 1997-இல் தொடங்கி 2021-இல் மீண்டும் வந்த 'நமக்கு நாமே' திட்டம், ஊர்ப் பொதுவேலைச் செலவில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்களிடம் கேட்கிறது. இந்தப் பாடங்கள் அங்கும் பொருந்தும். ஒரே செல்வந்தர் அதை முழுதாகக் கொடுக்க முன்வந்தாலும், வீட்டுக்கு வீடு ஒரு சிறு தொகையாவது வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் கட்டடச் செலவோடு, ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு, அதை வசூலிப்பவர் யார், கணக்கு எந்த மாதம் வாசிக்கப்படும் என்பதையும் எழுதி வையுங்கள்.